இருமினால் மாரடைப்பு நிற்குமா?

கேள்வி கேட்டவர் துணுக்காய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற தங்கச்சி. அப்பாவுக்கு 61 வயது. சலரோகமும் பிரஷரும் இருக்கிறது. வெள்ளாமைக் காலத்தில் வயலில் கொட்டில் போட்டுத் தனியாகக் காவலுக்குப் படுக்கிற மனிசன். சுவிஸில் இருக்கிற சித்தப்பா குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டிருக்கிறார். தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் ஆழமாக மூச்சிழுத்துப் பலமாக இருமிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஒரு கரண்டி மிளகாய்த் தூளைச் சுடுதண்ணியில் கரைத்துக் குடித்தால் ஒரு நிமிடத்தில் நோ நின்றுவிடுமாம். இடது முழங்கையின் உட்பக்கத்தில் ஓங்கி அடிக்க வேண்டுமாம், விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டுமாம். "இதில எது சரி அண்ணா? அப்பாவுக்கு எதைச் சொல்லிக் குடுக்கிறது?"

நாலும் பிழை, தங்கச்சி. ஒன்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். ஏன் பிழை என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். வெறுமனே "பிழை" என்றால் சித்தப்பா அடுத்த கிழமை இன்னொன்றை அனுப்புவார்.

நான் டொக்டர் இல்லை. ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். வன்னியின் அரச ஆஸ்பத்திரிகளில் 29 வருடம் வேலை செய்தேன், அதில் பாதிக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவில். நெஞ்சு நோவோடு வருகிற ஆளுக்கு முதலில் ஈ.சி.ஜி. வயரைக் கொழுவுகிறவர்கள் நாங்கள்தான். அந்தப் பத்து நிமிடத்தில் சனம் சொல்கிற கதையைக் கேட்டுக் கேட்டே எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. வீட்டில் செய்த வைத்தியம் நேராக ஆளைக் கொல்வது குறைவு. அது தின்ற நேரம்தான் கொல்கிறது.

பாம்பு கடித்தால் எங்கட ஆக்கள் என்ன செய்கிறார்கள்? கடித்தது புடையனா சாரையா என்று தெரியாமலே, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் பறக்கிறார்கள். புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கிறவர்களும் முதலில் ஊசிக்குத்தான் வருகிறார்கள், கோயிலுக்குப் பிறகு போகிறார்கள். அந்த அறிவு எங்களுக்கு வந்து கனகாலம். அதே வீட்டில் அதே மனிசனுக்கு இரவு பத்து மணிக்கு நெஞ்சு இறுக்கிப் பிடித்தால், "உது வாய்வு, ஒண்டுமில்லை, விடியட்டும் பாப்பம்." பாம்புக்கு ஓடுகிற கால் நெஞ்சு நோவுக்கு ஓடுவதில்லை.

இப்போது இருமலுக்கு வருகிறேன். மாரடைப்பு என்பதும் இதயம் நின்றுபோவது என்பதும் இரண்டு வேறு விஷயம். இரணைமடுவை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் தண்ணி நிறைய நிற்கிறது. வலதுகரை வாய்க்கால், இடதுகரை வாய்க்கால் என்று இரண்டு போகிறது. இதயத்தின் தசைக்கும் அப்படித்தான், வலதும் இடதுமாக இரண்டு முடியுருநாடிகள் இரத்தம் கொடுக்கின்றன. அந்த நாடியின் உட்சுவரில் வருடக்கணக்காகப் படிந்த கொழுப்பு ஒருநாள் வெடிக்கும். வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகி வாய்க்காலை அடைக்கும். அடைப்புக்குக் கீழே இருக்கிற வயல் காயத் தொடங்கும். அதுதான் மாரடைப்பு. அந்த நேரம் ஆள் பெரும்பாலும் விழிப்பாக இருப்பார், கதைப்பார், "நெஞ்சுக்கு மேல மூட்டை வைச்ச மாதிரி" என்று சொல்லுவார். இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இதயம் நின்றுபோவது வேறு. தசை காயும்போது இதயத்தின் மின்னோட்டம் குழம்பி, அது ஒழுங்காக அடிக்காமல் துடிதுடிக்கத் தொடங்கும். இரத்தம் மூளைக்குப் போகாது. சில விநாடிகளில் ஆள் விழுந்துவிடுவார். மாரடைப்பு வந்த எல்லாருக்கும் இது வராது. வந்தால் நிமிடக் கணக்குத்தான்.

முதலாவதில் இருமி என்ன பயன்? வாய்க்காலில் மண் அடைத்திருக்கும்போது குளக்கட்டில் நின்று குதித்தால் அடைப்பு எடுபடுமா? இரண்டாவதில் இரும ஆளுக்கு நினைவே இருக்காது. அப்போ இந்தக் கதை எங்கிருந்து வந்தது? ஒரு சின்ன உண்மையிலிருந்துதான். 1976ல் அமெரிக்காவில், நாடிக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற அறையில் படுத்திருந்த மூன்று நோயாளிகளுக்கு இதயம் குழம்பியபோது டொக்டர்மார் இருமச் சொன்னார்கள். ஆள் மயங்காமல் 24 முதல் 39 விநாடி வரை தாக்குப்பிடித்தார்கள். அதற்குள் பக்கத்தில் ஆயத்தமாக நின்ற மெஷினால் மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள். மொனிற்றர், மெஷின், டொக்டர் எல்லாம் கைக்கெட்டின தூரத்தில் இருந்த இடத்தில், அரை நிமிடக் கதை. 1999 அளவில் யாரோ அதை மின்னஞ்சலாக்கி, ஒரு ஆஸ்பத்திரியின் பெயரையும் ஒட்டி உலகம் முழுக்க விட்டார்கள். அமெரிக்க இதயச் சங்கம் அதை ஏற்கவில்லை என்று பலமுறை சொல்லியும் அந்தக் கதை இன்னும் சாகவில்லை. இப்போது தமிழ்க் குரலில் பின்னணி இசையோடு வருகிறது.

வயலில் தனியாக இருக்கிற உங்கள் அப்பா இருமிக்கொண்டு இருந்தால், அந்த நேரம் அவர் போன் எடுக்க மாட்டார். என் பயம் அதுதான்.

மிளகாய்த் தூளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலபோக அறுவடைக் காலம், விடிய ஐந்தரை மணி இருக்கும். மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு மூத்த மகன், பின்னுக்குச் சின்னவன், நடுவில் தகப்பன். சேர்ட் முழுக்கச் சத்தி. கட்டிலில் ஏற்றிச் சேர்ட்டைக் கழற்றினால் மிளகாய்த் தூள் மணம் மூக்கில் அடித்தது. நெஞ்சு மயிரில் சிவப்பாக ஒட்டியிருந்தது. உடம்பு குளிர்ந்து, வேர்வையில் ஈ.சி.ஜி. வில்லைகள் ஒட்டவில்லை. பஞ்சால் துடைத்துத் துடைத்து ஒட்டினோம். நோ தொடங்கியது முதல்நாள் இரவு பத்து மணிக்கு. முதலில் சோடா. பிறகு உள்ளியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிநீர். பிறகு நெஞ்சில் தைலம் தடவல். இரண்டு மணிக்கு வெளிநாட்டிலிருந்து போனில் வந்த யோசனைதான் மிளகாய்த் தண்ணி. ஒவ்வொன்றுக்கும் "கொஞ்சம் சுகம் மாதிரி இருந்தது" என்றான் மூத்தவன். அந்தக் "கொஞ்சம் சுகம்"தான் ஏழரை மணித்தியாலத்தைத் தின்றது.

அவர் பிழைத்தார். கட்டியைக் கரைக்கிற மருந்து ஏற்றினோம். ஆனால் இதயத்தில் பெரிய பங்கு ஏற்கெனவே செத்துவிட்டது. இப்போது படலையடி வரை நடந்தால் இளைக்கிறது. வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். மிளகாய்த் தூள் இதயத்துக்கு என்ன செய்யும் என்றால், ஒன்றும் செய்யாது. வயிற்றை எரித்துச் சத்தி வரப்பண்ணும், சத்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆள் அதிலேயே போவார்.

ஊசிக் குத்தும் முழங்கை அடியும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விரல் நுனியில் நாலு சொட்டு இரத்தம் எடுத்தால் நெஞ்சுக்குள் இருக்கிற கட்டி அசையாது. சலரோகக்காரருக்கு விரல் புண் மிச்சம்.

நேரம் என்றால் எவ்வளவு நேரம்? 1996ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு இருக்கிறது. கட்டி கரைக்கிற மருந்தை நோ தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் ஆயிரம் பேரில் 65 உயிர் கூடுதலாகத் தப்புகிறது. இரண்டாம் மணித்தியாலத்தில் கொடுத்தால் 37. அதற்குப் பிறகு முப்பதுக்கும் கீழே. பன்னிரண்டு மணித்தியாலம் வரை கொடுக்கலாம்தான், ஆனால் பயன் தேய்ந்துகொண்டே போகும். எங்கள் அரச ஆஸ்பத்திரிகளில் ஸ்ரெப்ரோகைனேஸ் என்ற மருந்தை 15 இலட்சம் அலகு, ஒரு மணித்தியால அளவில் சேலைனோடு ஏற்றுவோம். ரெனெக்ரெப்ளேஸ் என்றால் ஒரே ஊசி. காசு கேட்க மாட்டார்கள். ஒருமுறை ஸ்ரெப்ரோகைனேஸ் ஏற்றியவருக்குத் திரும்ப அதையே ஏற்றுவதில்லை, உடம்பு அதற்கு எதிர்ப்புப் பிடித்துவிடும். அதனால்தான் வருத்தமும் கொடுத்த மருந்தும் எழுதித் தருகிற டயக்னோசிஸ் கார்ட்டைத் துலைக்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்துவோம். உங்கள் அப்பாவின் கிளினிக் கொப்பியும் அந்தக் கார்ட்டும் ஒரே பையில், எடுக்கிற இடத்தில் இருக்கட்டும்.

யுத்த காலத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்துக் கொண்டுவருவார்கள். மல்லாவியிலிருந்து வெளிக்கிட்டால் எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது தூரம் ஆளைக் கொன்றது. இப்போது ஏ9 காப்பெற் றோட். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா என்று மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் நாடிக்குள் குழாய் விட்டு அடைப்பெடுக்கிற வசதியும் இருக்கிறது. 2018 யூலையிலிருந்து வடமாகாணத்துக்கு, 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் வருகிற அம்புலன்சும் வந்துவிட்டது. இவ்வளவும் இருக்க, வீட்டு விறாந்தையில் சோடாப் போத்தலை உடைத்துக்கொண்டு இருக்கிறோம்.

1990 என்பது இலவசம். போனில் காசு இல்லாவிட்டாலும் போகும், தமிழில் கதைக்கலாம். அம்புலன்சில் வருகிறவர் வெறும் சாரதி இல்லை. பயிற்சி பெற்ற ஒருவரும் கூட வருவார், ஒட்சிசன் இருக்கும், இதயம் நின்றால் மின்னதிர்ச்சி கொடுக்கிற மெஷின் இருக்கும். ஓட்டோவில் அது ஒன்றும் இல்லை. எங்கட பக்கத்துச் சிக்கல் விலாசம்தான். "மல்லாவி" என்று மட்டும் சொன்னால் அவர்கள் எங்கே வருவார்கள்? சந்தி, கோயில், பள்ளிக்கூடம், எத்தனையாம் யூனிற், வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லவேணும். ஒருவர் ரோச் லைற்றோடு பெரிய றோட்டுக்குப் போய் நிற்கவேணும். வர நேரம் செல்லும் என்று சொன்னால், வாகனத்தில் ஏற்றி எதிரே வரலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். அப்படி ஏற்றுவதென்றால் ஹயஸோ ஓட்டோவோ பரவாயில்லை. மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். வழியில் மயங்கினால் மூன்று பேரும் விழுவீர்கள், இரவில் யானை வேறு நிற்கும். நோயாளி தானே ஓட்டிக்கொண்டு போவதை நினைக்கவே வேண்டாம்.

எந்த ஆஸ்பத்திரி என்பதிலும் ஒரு பிழையான நம்பிக்கை இருக்கிறது. "உங்க ஒண்டும் இல்லை, நேர யாழ்ப்பாணம் கொண்டு போ" என்று பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. கிளிநொச்சியிலிருந்தே யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். 24 மணித்தியாலமும் டொக்டர் இருக்கிற பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, முதல் மருந்து கொடுத்து, அவர்களே தங்கள் அம்புலன்சில் அனுப்புவார்கள். பின்னேரம் தனியார் கிளினிக்கில் இலக்கம் எடுத்துக் காத்திருப்பதும் வேண்டாம். இலக்கம் 23 கூப்பிடும்வரை கட்டி காத்திருக்காது.

அஸ்பிரின் பற்றிச் சித்தப்பாவின் குரல்பதிவில் ஒரு சொல்லும் இல்லை. இத்தனைக்கும் வீட்டில் கொடுக்கக்கூடிய, ஆதாரமுள்ள ஒரே மருந்து அதுதான். 1988ல் 17,187 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், அஸ்பிரின் மட்டுமே ஐந்து வாரத்தில் இறப்பைக் கால்பங்குக்குக் கிட்டக் குறைத்தது. 300 மில்லிகிராம், கடித்து மென்று விழுங்க வேண்டும். முழுசாக விழுங்கினால் வேலை செய்ய நேரம் எடுக்கும். கிளினிக்கில் தருகிற சின்ன 75 குளிசை என்றால் நாலு. ஆனால் இதை முதலில் தேடிக்கொண்டிருந்து போனைப் பிறகு எடுக்கக் கூடாது. போன் முதல். அவர்களிடமே "அஸ்பிரின் குடுக்கலாமோ" என்று கேட்டுக் கொடுங்கள். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், வயிற்றில் புண் வெடித்து இரத்தம் போகிறவர், கறுப்பாக மலம் போகிறவர், இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்திருந்தால் அது பாரிசவாதம், அதற்கும் கூடாது, மூளையில் இரத்தக்கசிவாக இருக்கலாம். காய்ச்சல்காரருக்கும் கூடாது, மழைக்காலத்தில் எங்களுக்கு டெங்கு இருக்கிறது. பனடோல் அஸ்பிரினுக்குப் பதில் ஆகாது. டைக்குளோபினாக் போன்ற நோக் குளிசை இதயத்துக்குக் கெடுதல்.

நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையைப் பக்கத்து வீட்டு ஐயாவிடம் கடன் வாங்கிக் கொடுக்கிற பழக்கமும் இருக்கிறது. மூன்று குளிசையைச் சேர்த்து ஒரு பொதியாகச் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லியும் செய்தி சுற்றுகிறது. அந்த நாக்குக் குளிசை இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். இதயத்தின் வலது பக்கம் அடிபட்ட மாரடைப்பில் அது ஆளைக் கவிழ்த்துவிடும். ஆண்மைக்கு மாத்திரை எடுத்தவருக்கும் அப்படித்தான். (அதை யாரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல மாட்டார்கள்.) டொக்டர் அவருக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், இருத்திவைத்து ஒன்று.

அப்போ வாய்வா மாரடைப்பா என்று வீட்டில் எப்படிப் பிரித்தறிவது? பிரிக்க முடியாது. அனுபவமுள்ள டொக்டர்மாரே ஈ.சி.ஜி. இல்லாமல் சொல்ல மாட்டார்கள். நடுநெஞ்சில் இறுக்கம், பாரம், எரிவு. அது தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ கைக்கோ போவது. குளிர்ந்த வேர்வை, சத்தி, மூச்சு வாங்கல். இடது கை நோகவேணும் என்ற சட்டம் இல்லை. மேல்வயிற்றில் மட்டும் நோகலாம், அதைத்தான் எல்லாரும் வாய்வு என்கிறார்கள். உங்கள் அப்பா மாதிரிச் சலரோகக்காரருக்கு நோவே இல்லாமலும் வரும். காரணம் இல்லாமல் வேர்த்து, களைத்து, "மேலுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றால் அதுவே போதும். பொம்பிளைகளுக்கும் இப்படித்தான் அடிக்கடி. அவர்கள் சமைத்து முடித்துவிட்டுத்தான் சொல்லுவார்கள், அது இன்னொரு இரண்டு மணித்தியாலம்.

நோ பதினைந்து நிமிடத்தில் தானாக விட்டுவிட்டால்? அப்போதும் போங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அது முடிந்த கதை இல்லை. திரும்பத் திரும்ப எடுப்போம், ரோப்போனின் என்று இரத்தத்தில் ஒரு சோதனை செய்வோம், அது ஏற நேரம் எடுக்கும். "நோ விட்டிட்டுது, நெல்லு மழையில நனையுது" என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போனவர்களில் சிலரைத் திரும்பக் கொண்டுவந்ததை நானே பார்த்திருக்கிறேன். கொண்டுவந்தவர்களுக்கே தெரியும், இனி என்னிடம் செய்ய ஒன்றுமில்லை என்று.

ஆள் விழிப்பாக இருக்கும்போது செய்ய வேண்டியது குறைவு. நடக்கவிடாதீர்கள், கிணற்றடிக்கோ மலசலகூடத்துக்கோ கூட. சுவரில் சாய்த்து, முழங்காலை மடித்து இருத்துங்கள். சட்டைப் பொத்தானைக் கழற்றுங்கள். அஸ்பிரினைத் தவிர வாயில் ஒன்றும் வைக்காதீர்கள்.

விழுந்துவிட்டால் கதை மாறுகிறது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிற பிழைகள் எல்லாம் நடக்கின்றன. ஒரு கோயில் திருவிழாவில், தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் விழுந்தார். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகும்போது ஒருவர் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கிறார், ஒருவர் வாயில் சோடா ஊற்றுகிறார், ஒருவர் விசிறுகிறார். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்றார்கள். கரையில் தூக்கிப்போட்ட மீன் மாதிரி, எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து இழுக்கிறார். அது மூச்சு இல்லை. இதயம் நின்ற பிறகு மூளையின் அடிப்பகுதி கடைசியாகச் செய்கிற இழுப்பு. அதை மூச்சு என்று நினைத்து ஐந்து நிமிடம் விசிறியிருக்கிறார்கள். நெஞ்சை அழுத்தாமல், மின்னதிர்ச்சியும் கொடுக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. ஐந்து நிமிடம் என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். நான் அழுத்தினேன். அவர் பிழைக்கவில்லை.

தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு ஒழுங்காக இல்லை. இந்த இரண்டும் போதும், நாடி பிடித்துப் பார்க்க வேண்டாம். 1990க்கு அடித்து ஸ்பீக்கரில் போடுங்கள். கட்டிலிலிருந்து நிலத்தில் இறக்கி மல்லாக்கப் படுக்கவையுங்கள், மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நடுநெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம், அதன் மேல் மற்றக் கை. முழங்கை மடியாமல், உடம்புப் பாரத்தால் ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாமல், ஆறுக்கு மேல் போகாமல் அழுத்தி முழுசாக விடவேணும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம். வாய்விட்டு எண்ணுங்கள், வேகம் குறையாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கால் ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது. அம்புலன்ஸ் வரும்வரை, அல்லது ஆள் அசைந்து மூச்சு விடும்வரை.

வாயோடு வாய் வைத்து ஊத வேணும் என்று பயந்துதான் பலர் தொடுவதில்லை. பழகாதவர் ஊத வேண்டாம், அழுத்தினால் போதும். குளத்தில் மூழ்கினவருக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் கதை வேறு, அவர்களுக்கு மூச்சுத்தான் முதலில் நின்றது, ஊதவும் வேணும். விலா எலும்பு முறியுமா? முறியலாம், வயதானவர்களுக்கு ஒரு 'கிளிக்' சத்தம் கையில் விளங்கும். முதல்முறை அந்தச் சத்தம் கேட்டபோது நானே கையை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த மிஸி என் தோளில் தட்டி, "எலும்பு ஆறும் தம்பி, அமத்து" என்றார். அடித்துக்கொண்டிருக்கிற இதயத்தைத் தவறுதலாக அழுத்தினால் ஆள் செத்துவிடுவார் என்பதும் வீண் பயம். அவர் முனகிக் கையைத் தட்டிவிடுவார், அவ்வளவுதான். இது டொக்டர்மாரின் வேலை என்பதும் பிழை. வெறும் கையால் நெஞ்சுக்கு மேலிருந்தே இதயத்தை அழுத்தலாம் என்று 1960ல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் மூன்று பேர் எழுதியபோதே, இரண்டு கை இருக்கிற யாரும் எங்கேயும் செய்யலாம் என்றுதான் எழுதினார்கள். நீங்கள் ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் முதலுதவிப் படை இருந்தால் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு தலையணையை நிலத்தில் வைத்துப் பழக்குங்கள். அரை மணித்தியாலம் காணும்.

இனி வயலில் தனியாக இருக்கிற அப்பா. அவருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: நெஞ்சில் ஒரு மாதிரி இருந்தால் எழும்பி நடக்க வேண்டாம், வீட்டுக்குச் சைக்கிளை உழக்க வேண்டாம். இருந்த இடத்திலிருந்து 1990. அடுத்தது பக்கத்து வயல்காரர். அடுத்தது நீங்கள். பிறகு அஸ்பிரின், அதைக் கொட்டிலில் எலியும் மழையும் எடுக்காத ஒரு ரின்னில் வைக்கலாம். கிளினிக் டொக்டரிடம் "இவருக்கு அஸ்பிரின் சரிவருமோ" என்று அடுத்த கிளினிக் நாளில் கேட்டு, கொப்பியிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். கொட்டில் கதவைக் கொளுவாமல் விட்டு, வாசலில் வெளியே தெரிகிற மாதிரிச் சாய்ந்திருக்கட்டும். போன் சார்ஜ் இல்லாமல் காவலுக்குப் போகக் கூடாது. பட்டன் போன் என்றால் 1990ஐ ஒற்றை எண்ணில் போட்டுக் கொடுங்கள், கண்ணாடி இல்லாமல் இரவில் தேடமாட்டார்.

சித்தப்பாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அங்கே குளிருக்குள் இருந்துகொண்டு அண்ணனை நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். குழுவில் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் வயலுக்கு அம்புலன்ஸ் வரும் வழியை, பெரிய றோட்டுச் சந்தியிலிருந்து கொட்டில் வரைக்கும், அவருடைய குரலிலேயே ஒரு நிமிடத்துக்குள் சொல்லிப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் அந்த வயலில் வளர்ந்தவர்தானே. வழி இன்னும் ஞாபகமாக இருந்தால் அதையே எழுதிக் கொட்டில் கதவில் ஒட்டலாம். மறந்திருந்தால், நீங்களே இந்தச் சனிக்கிழமை சந்தியிலிருந்து நடந்து பார்த்து எழுதுங்கள். இரண்டாவது மதகுக்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பதில்தான் எல்லாரும் பிழை விடுவது.